அரைப் பேரும் முழுப் பேரும்: 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு பற்றிய ஒரு மதிப்பீடு

பெருந்தோட்டங்களிலே தொழிலாளரை விடியற்காலையில் எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைப்பதற்குத் தப்பு அடிக்கப்பட்டு வந்தமை மலையக வரலாற்றை அறிந்தோர் யாவரும் அறிந்த செய்தியாகும். ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, ஹப்புத்தளை முதலிய ஊவா மலைச்சரிவுகளின் தோட்டங்களிலும் அவ்வோசையின் பின்னேதான் ஒரு நாளின் உழைப்புத் தொடங்கியது. மாசி மாதத்திலே காமன் கூத்தை நடத்திச் செல்வதும் அதே தப்பு. மரண வீட்டிலிருந்து பிணத்துக்கு முன்னே செல்வதும் அதே தப்பு. இவ்வளவு இன்றியமையாத வாத்தியமாக இருந்தும், அதனை அடிப்பவர் யார் என்பதைச் சாதியே முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருந்தது. கல்வி கற்ற இளைஞர் பலர் தப்பைத் தொடவே மறுத்தமைக்கு இதுவே காரணம். அம்மறுப்பு நியாயமானது. மறுபுறத்திலே, விழா மேடைகளில் அதே தப்பு மரபுச் செல்வம் எனப் போற்றப்படுகின்றது. ஆனால் மேடையை விட்டு இறங்கியதும் அடித்தவரின் பெயரைக் கேட்பார் இல்லை.

விலக்குவது, காட்சிப்பொருளாக்குவது என்னும் இவ்விரண்டையும் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டா? சாதிக் கடமையாக விதிக்கப்பட்ட ஒரு வாத்தியம் சாதியை மறுக்கும் கலையின் வாத்தியமாக மாற இயலுமா? இவ்வினாவுக்கு அண்மைக் காலத்தில் இசையின் வாயிலாகவே விடை தேட முயன்றது, சென்னையிலே தோன்றிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழுவாகும். அக்குழுவின் வளர்ச்சியையும், அதன் ஆக்கங்களின் வலிமையையும் குறைகளையும், அதன் உறுப்பினர் சிலரின் பிற்காலப் பணிகளையும் மலையக நிலைநின்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தடி இசை என்பது யாது?

மேனாட்டு இசை வரலாற்றிலே 'நிலத்தடி இசை' என்னும் சொல் பெருவழக்குடையது. வணிக ஒலிபரப்புக்கும் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் அப்பால் நின்று, கேட்போரின் பழகிய சுவைக்கு இணங்காது பரிசோதனை செய்யும் குழுக்களை அது குறித்தது. நியூயோர்க்கின் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழு 1967இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது வழக்கம். வெளிவந்த காலத்தில் அது அதிகம் விற்பனையாகவில்லை. ஆயினும் பின்வந்த குழுக்கள் பலவற்றுக்கு வழிகாட்டியாயிற்று. அக்குழுவினரின் நிலத்தடி வாழ்வு பெருமளவுக்கு அவர்களே தேர்ந்துகொண்ட ஒன்று.

அக்குழுவின் பாடல்களைப் பாடிப் பயின்றவாறு பிராக் நகரில் 1968இல் தோன்றிய 'பிளாஸ்ரிக் பீப்பிள் ஒஃப் த யுனிவர்ஸ்' குழுவின் நிலை வேறு. 1970இல் அரசு அதன் தொழில்முறை அனுமதியைப் பறித்தது. 1976இல் அதன் கலை நெறியாளரும் சக்ஸபோன் கலைஞரும் வேறு இருவரும் சிறைத்தண்டனை பெற்றனர். அவ்வழக்கு எழுப்பிய எதிர்ப்பே 1977 ஜனவரியில் 'சாசனம் 77' என்னும் மனித உரிமை அறிக்கை தோன்றுவதற்கு ஓர் உடனடித் தூண்டுதலாயிற்று. இங்கே நிலத்தடி என்பது அரசால் திணிக்கப்பட்ட நிலை.

தமிழ்ச் சூழலில் மூன்றாவது வகையான நிலத்தடி ஒன்றுண்டு. வடசென்னையின் கானாப் பாட்டையும் பறையையும் தடைசெய்ய எவரும் சட்டம் இயற்ற வேண்டியிருக்கவில்லை. சாதியமைப்பே அவற்றைச் சாவு வீட்டு வாசலிலும் குடிசைப்பகுதியின் சந்துகளிலும் நிறுத்தி வைத்தது. மார்கழி மாதத்துச் சபா மேடைகளின் கதவுகள் பூட்டப்படாமலே அவற்றுக்கு மூடப்பட்டிருந்தன. இக்கலைஞர்களோ தாமாக நிலத்தடிக்குச் சென்றவர்களல்லர், அங்கேயே பிறந்தவர்கள். எனவே, மேனாட்டுக் குழுக்களுக்கு நிலத்தடியில் நிலைத்திருத்தல் ஒரு கலைக்கொள்கையாக இருந்ததென்றால், இவர்களுக்கு அதிலிருந்து வெளியேறுதலே கலைக்கொள்கையாக அமைந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாமல், 'நிலத்தடி இசை வெகுசனப் புகழை நாடலாமா' என்னும் இரவல் அளவுகோலால் இக்குழுவை அளப்பது பொருந்தாது.

தோற்றமும் பெயரும்

திரைப்பட நெறியாளர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கோர்ட்சும் இணைந்து இக்குழுவை உருவாக்கின. டென்மா ஏற்கெனவே 'குரங்கன்' என்னும் பரிசோதனைத் தமிழ் றொக் குழுவிலே பணியாற்றியவர். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் குழுவின் முதல் அரங்கேற்றம் நிகழ்ந்தது. கானாப் பாடகர்கள், மும்பைத் தாராவியின் றப் பாடகர்கள், பறை, சட்டி, கட்டமோளம் ஆகியவற்றின் கலைஞர்கள், கிற்றார், டிரம்ஸ் வாசிப்போர் எனப் பத்தொன்பது பேர் ஒரே மேடையில் நின்றனர்.

குழுவின் பெயர் அயோத்திதாச பண்டிதரின் (1845–1914) சிந்தனையிலிருந்து பெறப்பட்டது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அப்பெரியார், ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதிபேதமற்றோர் எனக் குறித்தார். இதன் நுட்பம் ஊன்றி நோக்கத்தக்கது. சாதியினால் தாழ்த்தப்பட்டோரைச் சாதியின் பெயராலன்றி, சாதியின்மையின் பெயரால் அழைக்கும்போது இழிவு என்பது அவர்களிடமிருந்து விலகி, சாதியைக் கைக்கொண்டோரிடம் போய்ச் சேர்கின்றது. ஓர் இசைக்குழு தன் பெயரிலேயே இத்தகைய தலைகீழாக்கத்தை மேற்கொள்ளும்போது அதன் இசையும் அதற்கு ஈடாக அமைதல் வேண்டும். அது எவ்வாறு அமைந்தது?

இசையமைப்பின் வெற்றி

நாட்டார் வாத்தியங்களை மின்னிசையோடு சேர்ப்பது புதிதன்று. திரைப்பட இசை நெடுங்காலமாக அதனைச் செய்து வருகின்றது. ஆனால் அங்கே பறை பெரும்பாலும் ஒரு நிறமூட்டியாகவே வரும்: கிராமம் என்றால் நான்கு தட்டு, சண்டை என்றால் எட்டுத் தட்டு; பின்னர் மறைந்துவிடும். பாடலின் கட்டமைப்பை அது தீர்மானிப்பதில்லை.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ்வின் சிறந்த ஆக்கங்களில் இந்நிலை மாறுகின்றது. பறை இரு குச்சிகளால் அடிக்கப்படுவது. தடித்த குறுங்குச்சி ஆழமான அடியைத் தரும். மெல்லிய நெடுங்குச்சி அதன் இடைவெளிகளைச் சிதறல் ஒலிகளால் நிரப்பும். மேனாட்டு டிரம்ஸும் ஏறத்தாழ இதே வேலைப் பிரிவினையை உடையது. இரண்டையும் ஒருசேர ஒலிக்கவிட்டால் ஒலிபெருக்கியின் துணையுடைய டிரம்ஸே பறையை விழுங்கிவிடும். இக்குழுவின் அமைப்பில் பெரும்பாலும் டிரம்ஸ் தாளத்தைத் தாங்கி நிற்க, பறையும் சட்டியும் கட்டமோளமும் முன்வந்து பேசுகின்றன. கிற்றாரும் பல இடங்களிலே மெட்டை இசைப்பதை விட்டுத் தாளத்தோடு ஒத்துப்போகின்றது. வந்த வாத்தியம் வீட்டு வாத்தியத்துக்கு இடம் விடுகின்றது எனலாம்.

குரலைக் கையாண்ட முறையும் இவ்வாறே. கானாப் பாடகரின் குரல் தொண்டையிலிருந்து எழுவது. சுருதிக்கும் பேச்சுக்கும் நடுவே ஊசலாடுவது. சென்னைத் தெருவின் உச்சரிப்பை மறைக்காதது. அதனைச் செப்பனிட்டு 'நல்ல குரல்' ஆக்கும் முயற்சி இங்கே மேற்கொள்ளப்படவில்லை. மரண கானாவில் பயின்ற குரல் அதே கரகரப்போடு அரசியல் பேசுகின்றது. துன்பத்தைச் சொல்லும்போதும் கேலியை விடாத அந்தக் கானா மனநிலை, றொக் இசையின் வழமையான ஆவேசத்திலிருந்து இக்குழுவை வேறுபடுத்துகின்றது.

இசைவாணி பாடிய 'ஐயாம் சாரி ஐயப்பா' இதற்குத் தக்க சான்று. கோயில் நுழைவு உரிமையைப் பேசும் இப்பாடல், கோபத்தை மன்னிப்புக் கேட்கும் தொனியிலே மறைத்து வைக்கின்றது. தெருவிலே ஒருவர் மற்றொருவரை இடித்துவிட்டால் சொல்லும் சாதாரணமான ஆங்கிலச் சொற்களைக் கொண்டு கடவுளை விளிக்கும்போது, கடவுளுக்கும் பெண்ணுக்கும் இடையே நின்ற பூசகர், சாத்திரம், காவலர் அனைவரும் ஒரு கணம் காணாமற்போகின்றனர். 2018இல் மேடையேறிய இப்பாடலுக்காக 2024 நவம்பரில் இசைவாணிமீது முறைப்பாடுகளும் மிரட்டல்களும் எழுந்தமை, அதன் கூர்மை மழுங்கவில்லை என்பதைக் காட்டுகின்றது. 2020ஆம் ஆண்டின் நூறு பெண்கள் பட்டியலில் பி.பி.சி. இசைவாணியைச் சேர்த்திருந்தது.

குறைகள்

எல்லாப் பாடல்களும் இத்தரத்தை எட்டின எனக் கூறவியலாது. இடஒதுக்கீட்டைப் பற்றிய பாடல் முதலிய சிலவற்றில் வாதம் இசையை முந்திவிடுகின்றது. துண்டுப்பிரசுரத்தில் அடுக்கத்தக்க காரணங்கள் வரிசையாக வருகின்றன. தாளம் அவற்றுக்காகக் காத்து நிற்கின்றது. கருத்து சரியானதே. ஆனால் கேட்பவர் ஏற்கெனவே உடன்பட்டவராயின் தலையசைக்கிறார். உடன்படாதவராயின் செவியை மூடிக்கொள்கிறார். இருவரிடமும் மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. கேலியும் கதையும் உள்ள பாடல்களோ உடன்படாதவரையும் ஒருமுறை சிரிக்க வைத்து, சிரித்த பின்னர் சிந்திக்க வைக்கின்றன.

பத்தொன்பது பேரில் பெண் ஒருவர் மட்டுமே இருந்தமையும் குறிப்பிட வேண்டிய குறையாகும். ஒப்பாரியும் நடவுப் பாட்டும் தாலாட்டும் பெண்களின் ஆக்கங்களாக இருக்கும் ஒரு மரபிலிருந்து எழுந்த குழுவுக்கு இது சிறு குறையன்று. இதன் விளைவாகக் குழுவின் இசை தெருவை நன்கறிந்த அளவுக்கு வீட்டையும் வயலையும் அறியாததாயிற்று. அந்த இடைவெளியை நிரப்பும் பாடல் பின்னர் அக்குழுவுக்கு வெளியேதான் தோன்றியது.

என்சாமியும் தேயிலையும்

குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான அறிவு 2019இல் 'தெருக்குரல்' என்னும் தனித் தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச் 7ஆம் நாள் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. அறிவும் தீயும் பாடிய அதற்குச் சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பாளர். அப்பாடலின் ஊற்று இலங்கைத் தேயிலைத் தோட்டமாகும். அறிவின் பாட்டி இங்கே தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகம் திரும்பி, அங்கும் நிலமின்றி வாழ்ந்தவர்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இவ்வெண்களில் ஒவ்வொன்றும் தலைமன்னார்க் கப்பலிலே ஏறிய ஒரு குடும்பத்தின் பெட்டியும் படுக்கையுமாகும். ஊவாவின் லயன்களிலே, அவ்வாறு சென்ற அண்ணனையோ அத்தையையோ நினைவுகூராத குடும்பங்கள் குறைவு. அவர்கள் அக்கரையிலே என்னவானார்கள் என்பதற்கு இலக்கியத்தில் ஓரளவு பதிவு உண்டு. இசையிலே அதற்கு உலகமறிந்த பதிவாக வாய்த்தது இப்பாடலே. நிலவுடைமையாளரை நோக்கித் தொழிலாளர் கூறிவந்த 'என் சாமி' என்னும் விளி, இதிலே முன்னோரையும் மண்ணையும் அன்பொடு நோக்கும் விளியாக மாற்றப்பட்டுள்ளது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ்வின் பெயரிலே நிகழ்ந்த தலைகீழாக்கம் இங்கே ஒரு சொல்லிலே நிகழ்கின்றது. ஒப்பாரியின் சாயலும் ஆடத்தக்க தாளமும் இதனுள் முரணின்றி இணைகின்றன. குழுவின் பாடல்கள் தவறவிட்ட பாட்டியின் குரல் ஈண்டுக் கேட்கின்றது.

எனினும் இப்பாடலின் பின்வரலாறே இக்கட்டுரையின் மைய வினாவுக்கு நம்மை அழைத்துச் செல்கின்றது. 2021 ஓகஸ்டில் இந்திய ரோலிங் ஸ்ரோன் இதழின் அட்டையில் இப்பாடலின் பாடகர்களுள் தீ இடம்பெற, அறிவு இடம்பெறாமை கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. பின்னர் அவ்விதழ் அறிவுக்கெனத் தனி மின்னட்டை ஒன்றை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னையிலே சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் பாடல் அரங்கேறியபோது மேடையில் அறிவு இல்லை. பாடலை ஆக்கி, எழுதி, பாடியவர் தாமே என அவர் அறிக்கையிட்டார். வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமமானவை எனச் சந்தோஷ் நாராயணன் பதிலுரைத்தார். 2024 மார்ச்சிலே, அதுவரை எவருக்கும் வருவாய் கிடைக்கவில்லை என அவரே வெளிப்படையாகக் கூறினார். யார் பக்கம் நியாயம் எனத் தீர்ப்பளித்தல் இங்கு நோக்கமன்று. நோக்கத்தக்கது ஒன்றே: நிலமற்ற பாட்டியைப் பற்றிய பாடலிலும், அதன் உரிமை யாருடையது என்னும் வினா எழாமற்போகவில்லை.

பேர் போடுதல்

தோட்டத்து வழக்கிலே 'பேர்' என்பது ஒரு நாள் வேலையையும் குறிக்கும். செக்ரோலிலே பேர் விழுந்தாற்றான் அந்நாளுக்குச் சம்பளம். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்' போடப்படும். நாள் முழுவதும் மலையேறி இறங்கியவரின் உழைப்பு, ஒரு கோட்டினால் பாதியாகிவிடும். முற்காலத்திலோ தன் கீழுள்ள ஒவ்வொருவரின் வேலைக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஒருவரின் உழைப்பு இன்னொருவரின் பெயரிலே கணக்காகும் ஏற்பாட்டை இம்மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர்.

கலைக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். சாதியற்ற இசை என்பது சாதியைக் கண்டிக்கும் இசை மட்டுமன்று. அதனை ஆக்கியோர் அனைவருக்கும் முழுப் பேர் விழும் இசையே சாதியற்ற இசை. பறையடிப்பவர் 'பறைக் குழுவினர்' என்னும் மொத்தப் பெயரிலே கரைந்துபோக, பாடகரும் இசையமைப்பாளரும் மட்டும் பெயரோடு நிற்பார்களாயின், பாடலின் கருத்து எவ்வளவு முற்போக்கானதாயினும் அவ்வமைப்பு பழையதே. வாத்தியக்காரருக்கு அங்கே அரைப் பேர்தான்.

இவ்வளவுகோலால் அளக்கும்போதே காஸ்ட்லெஸ் கலெக்டிவ்வின் முதன்மையான சாதனை புலனாகின்றது. அம்மேடையில் சட்டி வாசித்தவரும் கிற்றார் வாசித்தவரும் ஒரே வகைக் கோட் அணிந்து ஒரே வரிசையில் நின்றனர். அண்ணல் அம்பேத்கரின் உடையை நினைவூட்டும் அக்கோட்டு வெறும் அலங்காரமன்று. கோவணத்தோடும் தலைப்பாகையோடும் மட்டுமே நாட்டார் கலைஞரைக் காண விரும்பும் கண்ணுக்கு அது கொடுத்த மறுப்பு. வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் பெயர்சொல்லி அறிமுகப்படுத்தப்படுவதும் உறுப்பினராகக் கருதப்படுவதும் சிறு செய்திகளாகத் தோன்றலாம். பெரட்டுத் தப்படித்தவரின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை என்பதை எண்ணிப் பார்ப்போருக்கு அவை சிறு செய்திகளாகா.

அதே அளவுகோல் குழுவின் எல்லையையும் காட்டுகின்றது. கூட்டு என்னும் அமைப்பு மேடையிலே சமத்துவத்தைப் படைத்தது; சந்தையிலோ அதனைக் காக்கும் வலு அதற்கு வாய்க்கவில்லை. 'கபாலி' (2016), 'காலா' (2018) ஆகிய பெரும்படங்களின் நெறியாளர் ஒருவரின் ஆதரவிலே பிறந்த குழு என்பதால் திரையுலகம் அதற்கு அருகிலேயே இருந்தது. சந்தை தனிமனிதரையே நாடுவது. பத்தொன்பது பெயர்களை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. தனித்துப் புகழ்பெற்றோர் சிலர், ஏனையோர் பலர் என்னும் பிரிவு நாளடைவில் தோன்றுதல் இயல்பு. இதனைத் தனிமனிதரின் குறையாகக் கொள்ளாமல் அமைப்பின் குறையாகக் கொள்வதே நேர்மையாகும். 2020 டிசம்பரிலிருந்து நீலம் நடத்திய 'மார்கழியில் மக்களிசை' விழாக்கள், சபாக்களின் பருவத்திலேயே நாட்டார் கலைஞருக்கு மேடையளித்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்தன. அறிவு தம் 2024ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' எனப் பெயரிட்டார். பாடுபவன் தன்னைத் தன் பாட்டியின் பேரனாக அறிமுகஞ் செய்துகொள்வது, தோட்டத்திலே அரைப் பேர் பெற்ற ஒரு பெண்ணுக்கு முழுப் பேர் போடுவதாகும்.

மலையகத்துக்கு

மலையகத்திலே அரசியற்பாட்டு புதிதன்று. கோ. நடேசையரும் மீனாட்சி அம்மையாரும் 1930களிலேயே தோட்டம் தோட்டமாகச் சென்று பாடல்களின் வாயிலாகத் தொழிலாளரைத் திரட்டினர். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஆயினும் அப்பாடல்களைப் புதிய இசையாக வளர்க்கும் முயற்சி போதிய அளவு தொடரவில்லை. தப்பைப் பற்றிய கூச்சம் இதற்கு ஒரு காரணம். சாதி என்பது தோட்டத்திலே இல்லை, அல்லது மறைந்துவிட்டது எனப் பேசி அதனைத் தொடாமல் விடும் வழக்கம் மற்றொரு காரணம். சாதியைப் பற்றிப் பேசாமையும் சாதியற்றமையும் ஒன்றல்ல என்பதே காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மலையகத்துக்குக் கற்பிக்கும் முதற் பாடம்.

பாடுபொருளுக்கு இங்கே குறைவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் குடியிருப்புகள் மண்ணுள் புதைந்தன. 2023இல் இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்த ஒரு சமூகத்தினருக்கு, தாம் பண்படுத்திய மண்ணில் ஒரு வீட்டு நிலம் என்பது அன்றும் நிறைவேறாக் கோரிக்கையாகவே இருந்தது. நிலத்தைப் பற்றிய பாட்டு அக்கரையிலே, இங்கிருந்து சென்ற ஒரு பாட்டியின் நினைவிலிருந்து எழுந்து உலகெங்கும் ஒலித்தது. அந்நினைவு பிறந்த மலையிலே அதற்கு எதிர்ப்பாட்டு இன்னும் உரத்து எழவில்லை.

அப்பாட்டு எழுமாயின் அது சென்னைக் கானாவின் நகலாக இருத்தல் வேண்டியதில்லை. காமன் கூத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய தப்படிகள் இருக்கின்றன. கொழுந்து மலையின் பாடல்கள் இருக்கின்றன. அவற்றோடு சேரக் கிற்றாரும் இருக்கின்றது. தேவையானது ஒரு நிபந்தனை மாத்திரமே: தப்பை அடிப்பவர் அதனைக் கடமையாக அன்றி விருப்பாக அடிக்க வேண்டும், எச்சாதியினரும் அதனைக் கற்க முன்வர வேண்டும், அடித்தவரின் பெயர் பாடியவரின் பெயருக்கு இணையாக எழுதப்பட வேண்டும். இந்நிபந்தனை நிறைவேறும் நாளிலே பெரட்டுக்கு அழைத்த தப்பு முதன்முறையாகத் தன்னை அடிப்பவருக்காகவும் ஒலிக்கும்.